பாதி, பாதியில் பாதி: கதிரியக்கச் சிதைவைக் கணக்குப் போடலாம் வாருங்கள்

அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். காலை பத்து மணிக்குக் கையில் ஓர் ஊசி. அப்புறம் மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்கேன். ஊசியில் ஏற்றியது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள், அளவு 20 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் ஓர் அலகு). கிளம்பும்போது, “இன்னிக்கு ஒரு நாள் கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் போனை நோண்டிவிட்டுக் கேட்டாள்: “மாமா, அம்மாச்சி உடம்புல இருக்குறது ஆறு மணி நேரத்துல பாதியாயிரும்னு போட்டிருக்கு. அப்ப பன்னெண்டு மணி நேரத்துல சுத்தமாப் போயிரும்ல?”

போகாது. கால்வாசி மிச்சம் இருக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம், நம் மனசு நேர்கோட்டில் யோசித்தே பழகியது. பாதித் தொட்டி ஆறு மணி நேரத்தில் காலியானால் முழுத் தொட்டி பன்னிரண்டில் காலியாகும் என்ற கணக்கு அது. அணுக்கரு அப்படி நடந்துகொள்வதில்லை. எப்படி நடந்துகொள்கிறது என்பதை அன்று சாயங்காலம் அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே தருகிறேன். அடுக்கு என்றால் என்ன, மடக்கை என்றால் என்ன என்று ஓரளவு தெரிந்தால் போதும். கையில் ஒரு கால்குலேட்டர் வேண்டும். போனில் இருப்பதே போதும். பல போன்களில் படுக்கைவாட்டில் திருப்பினால் அறிவியல் கால்குலேட்டர் வந்துவிடும்.

முதலில் புளியங்கொட்டை

தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் உரைத்து வெள்ளையாக்குவோம் இல்லையா? அப்படி 200 கொட்டைகள் தயார் செய்யுங்கள். (எங்களுக்கு உரைத்து முடிக்கவே ஒரு பொழுது போய்விட்டது. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஒரு ரூபாய் நாணயங்கள் போதும்.) எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் குலுக்கித் தரையில் கொட்டுங்கள். வெள்ளைப் பக்கம் மேலே விழுந்தவை “சிதைந்துவிட்டன”. அவற்றைப் பொறுக்கித் தனியே வையுங்கள். மீதியை எண்ணிக் குறித்துக்கொண்டு, மறுபடி குலுக்குங்கள்.

எங்களுக்குக் கிடைத்த எண்ணிக்கை: 200, 114, 63, 36, 19, 11, 7, 3.

ஒவ்வொரு வீச்சிலும் வெளியேறியவற்றைப் பாருங்கள்: 86, 51, 27, 17, 8, 4, 4. இந்த எண் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் முந்தைய எண்ணிக்கையில் எத்தனை பங்கு தப்பியது என்று வகுத்துப் பார்த்தால் 0.57, 0.55, 0.57, 0.53, 0.58 என்று ஒரே இடத்தைச் சுற்றி நிற்கிறது. கடைசி இரண்டு வீச்சில் மட்டும் கொஞ்சம் ஆட்டம். ஏழு கொட்டையை வைத்துக்கொண்டு சராசரி பார்த்தால் அப்படித்தான் ஆடும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஐந்து வீச்சு தாண்டி உயிரோடு இருக்கும் கொட்டைக்கு, “நாம் இவ்வளவு நேரம் தாக்குப்பிடித்துவிட்டோம், இனி நம் முறை” என்று எதுவும் கிடையாது. ஆறாவது வீச்சில் அது விழ இருக்கும் வாய்ப்பு முதல் வீச்சில் இருந்த அதே வாய்ப்புதான். அணுக்கருவும் அப்படியே. நேற்று உண்டான டெக்னீசியம் கருவுக்கும் இந்த நிமிடம் உண்டானதற்கும் அடுத்த ஒரு மணி நேரத்தில் சிதையும் வாய்ப்பு ஒன்றே. அதற்கு வயதாவதில்லை. இனி வரும் சூத்திரங்கள் எல்லாம் இந்த ஒரே அனுமானத்திலிருந்து பிறந்தவை. ஆகவே இதை நம்பும் வரை கொட்டைகளைக் குலுக்கிக்கொண்டே இருங்கள்.

1900இல் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு கனடாவின் மாண்ட்ரியலில் இதைத்தான் நிஜப் பொருளில் பார்த்தார். தோரியம் சேர்மங்களிலிருந்து ஒருவகை வாயு கிளம்பியது. அதன் கதிரியக்கம் சுமார் ஒரு நிமிடத்தில் பாதியானது, அடுத்த நிமிடத்தில் அந்தப் பாதியில் பாதியானது. இன்று அதை ரேடான்-220 என்கிறோம். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 55.6 நொடி என்று துல்லியமாகத் தெரியும்.

சூத்திரத்தின் எளிய வடிவம்

அரை ஆயுள் தெரிந்தால் இது போதும்:

மீதம் = தொடக்கம் × (½)^(நேரம் ÷ அரை ஆயுள்)

அடுக்கில் இருப்பது வேறொன்றும் இல்லை, “எத்தனை அரை ஆயுள் கழிந்தது” என்ற எண்ணிக்கைதான். டெக்னீசியம்-99எம்முக்கு அரை ஆயுள் 6 மணி நேரம் (சரியாகச் சொன்னால் 6.01). அம்மாவுக்குக் காலை பத்து மணிக்கு 20 மில்லிகியூரி. மாலை நாலுக்கு 10. இரவு பத்துக்கு 5. மறுநாள் விடியற்காலை நாலுக்கு 2.5, காலை பத்துக்கு 1.25. அக்கா மகளின் “சுத்தமாப் போயிரும்” நேரத்தில் 5 இருக்கிறது.

அடுக்கு முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஸ்கேன் எடுத்த மதியம் ஒரு மணிக்கு எவ்வளவு? கழிந்தது 3 மணி நேரம், அதாவது அரை அரை-ஆயுள். (½)^0.5 = 0.707. ஆக 14.1 மில்லிகியூரி. ஆறு மணி நேரத்தில் பாதி போகுமென்றால் மூன்று மணி நேரத்தில் கால்வாசி போகும், 15 மிஞ்சும் என்று நேர்கோட்டுக் கணக்கு சொல்லும். நிஜத்தில் முதல் மூன்று மணி நேரத்தில் 29 சதவீதம் போய்விடுகிறது. இருப்பு அதிகமாக இருக்கும்போது இழப்பும் அதிகம்.

இ எதற்கு, லாம்டா எதற்கு?

“பாதியை வைத்தே எல்லாம் வருதே, அப்புறம் ஏன் மாமா புத்தகத்துல வேற மாதிரி இருக்கு?” என்றாள். நியாயமான கேள்வி. புத்தகத்தில் இருக்கும் வடிவம் இது:

மீதம் = தொடக்கம் × இ^(−லாம்டா × நேரம்)

இ என்பது 2.718 என்று தொடங்கும் எண். கால்குலேட்டரில் அதற்கென்று தனிப் பொத்தான் உண்டு. லாம்டா என்ற கிரேக்க எழுத்து சிதைவு மாறிலியைக் குறிக்கிறது. இரண்டு வடிவமும் ஒன்றுதான். அவற்றை இணைப்பது ஒரே வரி:

லாம்டா = 0.693 ÷ அரை ஆயுள்

0.693 என்பது 2இன் இயல் மடக்கை, அதாவது இ-யை அடிமானமாகக் கொண்ட மடக்கை. டெக்னீசியத்துக்கு 0.693 ÷ 6.01 = மணிக்கு 0.1153.

பாதியை விட்டுவிட்டு இந்த வடிவத்துக்குப் போவதற்கு உருப்படியான காரணம் ஒன்று இருக்கிறது. கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவி, இருக்கும் கருக்களை எண்ணுவதில்லை. ஒரு நொடிக்கு எத்தனை கரு சிதைகிறது என்பதை எண்ணுகிறது. அந்த வேகம், இருக்கும் கருக்களின் எண்ணிக்கையை லாம்டாவால் பெருக்கினால் வருவது. ஆக, லாம்டா இருந்தால் எண்ணிக்கையிலிருந்து வேகத்துக்கும் வேகத்திலிருந்து எண்ணிக்கைக்கும் ஒரே பெருக்கலில், ஒரே வகுத்தலில் போய்வரலாம். அரை ஆயுளை வைத்துக்கொண்டு அது சுற்றுவழி.

இந்த இடத்தில் புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. எங்கள் புளியங்கொட்டையில் ஒவ்வொரு வீச்சிலும் சுமார் 44 சதவீதம் போகிறது. அப்படியானால் லாம்டா 0.44 தானே? இல்லை, 0.58. எப்படி?

0.44 என்பது ஒரு வீச்சு முழுதும் முடிந்த பிறகு திரும்பிப் பார்த்து, தொடங்கியதில் எவ்வளவு போனது என்று சொல்லும் எண். லாம்டா அந்தந்தக் கணத்தின் வேகம்: “இப்போது கையில் இருப்பதில், ஒரு வீச்சுக்கு 0.58 பங்கு என்ற வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது” என்பது. போகப் போகக் கையிருப்பு குறைவதால் அந்த வேகத்தால் 58 சதவீதத்தைத் தின்று முடிக்க முடியாது. 44 தான் தின்னும். கூட்டு வட்டியைத் தலைகீழாகத் திருப்பியது போல. இரண்டையும் மாற்றிக்கொள்ள: லாம்டா = −இயல் மடக்கை(தப்பிய பங்கு). 0.56இன் இயல் மடக்கை −0.58, குறியை மாற்றினால் 0.58.

விகிதம் சிறியதாக இருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கும். புற்றுநோய்க் கதிர் சிகிச்சையில் கோபால்ட்-60 இயந்திரம் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய பாபாட்ரான் அந்த வகைதான். அரை ஆயுள் 5.27 ஆண்டு, லாம்டா ஆண்டுக்கு 0.1315. ஆண்டு முடிவில் நிஜமாகக் குறைந்திருப்பது 12.3 சதவீதம். 13.15க்கும் 12.3க்கும் நடுவில் வித்தியாசம் தெரிகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் லாம்டா 0.01096, குறைவது 1.09 சதவீதம், வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. மாதம் ஒரு சதவீதம் என்றால் அற்பம் போலத் தோன்றும். ஆனால் அதே டோஸைத் தர நோயாளியைப் படுக்க வைக்கும் நேரம் மாதாமாதம் அதே அளவு நீளும். ஐந்தேகால் ஆண்டில் அது இரண்டு மடங்காகிவிடும்.

மூன்று கேள்விகள், ஒரே சூத்திரம்

முதல் கேள்வி, “இவ்வளவு நேரம் கழித்து எவ்வளவு?” அதைப் பார்த்துவிட்டோம்.

இரண்டாவது, பின்னோக்கிய கேள்வி. மதியம் ஒன்றரைக்கு வரும் நோயாளிக்கு 20 மில்லிகியூரி தேவை. காலை எட்டு மணிக்கே மருந்தை எடுத்து வைக்கிறார்கள் என்றால் அப்போது எவ்வளவு இருக்க வேண்டும்? இடைவெளி 5.5 மணி நேரம். பின்னோக்கிப் போவதால் அடுக்கின் கழித்தல் குறி கூட்டலாகும்: 20 × இ^(0.1153 × 5.5) = 20 × 1.885 = 37.7. குறியைத் தவறாகப் போட்டால் 10.6 வரும். தேவைப்படுவதைவிட எடுத்து வைப்பது குறைவாக இருந்தால் எங்கோ தவறு என்று விடையே காட்டிக்கொடுத்துவிடும். விடை வந்ததும் “இது கூட வேண்டுமா, குறைய வேண்டுமா” என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபடும்.

மூன்றாவது, “எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?” நேரம் அடுக்கில் மாட்டிக்கொண்டிருப்பதால் அதை வெளியே எடுக்க மடக்கை தேவை:

நேரம் = இயல் மடக்கை(தொடக்கம் ÷ மீதம்) ÷ லாம்டா

கால்குலேட்டரில் “எல்என்” என்ற பொத்தான்தான் இயல் மடக்கை. பக்கத்தில் இருக்கும் “லாக்” பத்தை அடிமானமாகக் கொண்டது. அதை அழுத்தினால் விடை 2.3 மடங்கு குறைந்து வரும். டெக்னீசியம் நூறில் ஒரு பங்காகக் குறைய எவ்வளவு நேரம்? எல்என்(100) = 4.605, 0.1153ஆல் வகுத்தால் 40 மணி நேரம். பத்து அரை ஆயுள் கழிந்தால் 1024இல் ஒரு பங்கு. கதிரியக்கக் கழிவைப் பத்து அரை ஆயுள் வரை பூட்டி வைத்துவிட்டுப் பிறகு அளந்து பார்ப்பது மருத்துவமனைகளில் பழகிய வழக்கம். அந்த “பத்து” இங்கிருந்து வருகிறது.

இந்த மூன்றாவது கேள்வியின் பிரபலமான வடிவம் நம் பக்கத்து ஊரில் இருக்கிறது. மதுரைக்கு அருகே, சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியை அமெரிக்காவின் மியாமியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வந்த காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 580. 2019இல் தமிழகத் தொல்லியல் துறை அதை வெளியிட்டது. கார்பன்-14இன் அரை ஆயுள் 5730 ஆண்டு. உயிரோடு இருக்கும் வரை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14 புதிதாக வந்துகொண்டே இருக்கும்; செத்த நாளிலிருந்து வரத்து நின்று சிதைவு மட்டும் நடக்கும். ஒரு கரித்துண்டில் கார்பன்-14 தொடக்கத்தில் இருந்ததில் 73 சதவீதம்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். எல்என்(1 ÷ 0.73) = 0.3147. லாம்டா 0.693 ÷ 5730. வகுத்தால் சுமார் 2600 ஆண்டு. கீழடியின் வயது கிட்டத்தட்ட இந்த அளவுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் முக்கால்வாசி மிச்சம் இருப்பதால்தான் இந்த முறை வேலை செய்கிறது.

ஆனால் இந்த ஒரு வரிக் கணக்கைப் போட்டுவிட்டு “நானும் காலம் கணித்துவிட்டேன்” என்று கிளம்பிவிடாதீர்கள். காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் அதை ஏகத்துக்கும் ஏற்றிவிட்டன. அதனால் “இன்று” என்பதை 1950 என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஆய்வகங்கள் இன்னமும், இந்தக் கார்பன் முறையை உருவாக்கிய வில்லார்டு லிபி காலத்துப் பழைய அரை ஆயுளான 5568ஐ வைத்தே முதல் விடையைச் சொல்கின்றன. மர வளையங்களைக் கொண்டு உருவாக்கிய திருத்த வளைகோட்டில் அந்த விடையைப் பொருத்தித்தான் நிஜ ஆண்டு வருகிறது. சூத்திரம் சரி, தொடக்க அளவில்தான் சிக்கல்.

அலகு

நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. லாம்டா மணிக்கு இவ்வளவு என்றால் நேரமும் மணியில் இருக்க வேண்டும். பெக்கெரல் என்பது நொடிக்கு ஒரு சிதைவு. ஆகவே விடை பெக்கெரலில் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நொடிக்கு மாற்றுங்கள். ஒரு உதாரணம் போட்டுக் காட்டிவிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. ஊருக்குள் பெட்ரோமாக்ஸ் எரிந்த காலத்தில் அதன் மேன்டிலில் இருந்ததும் தோரியம்தான். தோரியம்-232இன் அரை ஆயுள் 1405 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடி. இவ்வளவு மெதுவாகச் சிதையும் பொருளில் கதிரியக்கம் என்று ஏதாவது இருக்குமா? ஒரு கிராம் தோரியத்தை எடுங்கள். அதில் உள்ள கருக்கள் 6.022 × 10²³ ÷ 232 = 2.6 × 10²¹. ஆண்டுக்கு 3.156 × 10⁷ நொடி. ஆக அரை ஆயுள் 4.43 × 10¹⁷ நொடி, லாம்டா நொடிக்கு 1.56 × 10⁻¹⁸. பெருக்கினால் நொடிக்குச் சுமார் 4,060 சிதைவுகள். ஒவ்வொரு கருவின் வாய்ப்பும் இல்லாததற்குச் சமம். கூட்டம் பெரிது என்பதால் கருவி விடாமல் டிக்டிக் என்கிறது. (இது தூய தோரியத்தின் கணக்கு. மணலில் அதன் வாரிசுகளும், அதாவது அது சிதைந்து உண்டாகும் மற்றக் கதிரியக்கக் கருக்களும், சேர்ந்திருக்கும்.)

அளவீட்டிலிருந்து லாம்டாவை எடுப்பது

இதுவரை அரை ஆயுளை யாரோ சொன்னார்கள், நாம் போட்டோம். நாமே கண்டுபிடிக்க வேண்டுமென்றால்?

புளியங்கொட்டை எண்களுக்கு மடக்கை எடுங்கள். 200, 114, 63, 36, 19, 11 ஆகியவற்றின் இயல் மடக்கை 5.298, 4.736, 4.143, 3.584, 2.944, 2.398. ஒவ்வொரு வீச்சுக்கும் ஏறக்குறைய 0.58 குறைகிறது. சறுக்கி விழுந்துகொண்டிருந்த வளைகோடு மடக்கை எடுத்ததும் நேர்கோடாகிவிட்டது. எக்செலில் ஒரு பத்தியில் வீச்சு எண், அடுத்ததில் மடக்கை. “ஸ்லோப்” என்ற சார்பைக் கொடுத்தால் சாய்வு −0.584 என்று வரும். குறியை எடுத்துவிட்டால் லாம்டா. அரை ஆயுள் 0.693 ÷ 0.584 = 1.19 வீச்சு. திருப்பிப் போட்டுச் சரிபார்க்கலாம்: மூன்றாவது வீச்சுக்குப் பிறகு 200 × இ^(−0.584 × 3) = 34.7. எங்களிடம் இருந்தது 36. பரவாயில்லை.

கடைசி இரண்டு எண்களை, 7ஐயும் 3ஐயும், வேண்டுமென்றே விட்டுவிட்டேன். சின்ன எண்களின் மடக்கை ரொம்பத் துள்ளும். ஒரு கொட்டை புரண்டு விழுந்தாலே கோடு திரும்பிவிடும். பொதுவாக எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஆட்டம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 எண்ணினால் 100, அதாவது ஒரு சதவீதம். 9 எண்ணினால் 3, மூன்றில் ஒரு பங்கு.

நிஜக் கருவியில் இன்னொரு எதிரி காத்திருக்கிறது: பின்னணி. மாதிரியே வைக்காவிட்டாலும் கைகர் கருவி எண்ணிக்கொண்டுதான் இருக்கும். தரை, சுவர், விண்வெளி எல்லாம் கதிரை அனுப்புகின்றன. கல்லூரியில் நான் அதைக் கழிக்க மறந்து, வராத அரை ஆயுளை வரவழைக்க ஒரு வாரம் கோட்டை மறுபடி மறுபடி வரைந்துகொண்டிருந்தேன். எவ்வளவு கெடுக்கும் என்று பாருங்கள். வகுப்பறைச் சோதனைகளுக்கு ஏற்ற பேரியம்-137எம்மின் அரை ஆயுள் 2.55 நிமிடம். விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள் இவை: பின்னணி நிமிடத்துக்கு 30, தொடக்கத்தில் கருவி காட்டுவது 1030, 16 நிமிடம் கழித்து 43. அப்படியே மடக்கை எடுத்தால் லாம்டா 0.198, அரை ஆயுள் 3.5 நிமிடம். பின்னணியைக் கழித்து 1000, 13 என்று போட்டால் லாம்டா 0.271, அரை ஆயுள் 2.55. (0.271 என்று வந்ததும் “இ-யில் வரும் அதே எண்கள்!” என்று அக்கா மகள் துள்ளினாள். தற்செயல்தான், நிமிடத்துக்குப் பதில் நொடியில் போட்டால் காணாமல் போய்விடும்.)

மடக்கை வரைபடத்தில் கோடு வலப்பக்கம் போகப் போகத் தட்டையாகிறதா? முதலில் சந்தேகிக்க வேண்டியது பின்னணியை. அதையும் கழித்த பிறகு வளைகிறது என்றால் மாதிரியில் இரண்டு விதமான கருக்கள் கலந்திருக்கலாம்: வேகமானது தீர்ந்த பிறகு மெதுவானதன் சாய்வு தெரியத் தொடங்கும்.

உடம்புக்குள் போனால்

அம்மாவின் கணக்கில் நான் ஒன்றை மறைத்துவிட்டேன். 20, 10, 5 என்று சொன்னதெல்லாம் டப்பாவில் அடைத்து மேசையில் வைத்த டெக்னீசியத்துக்கு. உடம்புக்குள் போனது சிறுநீரோடும் வெளியேறும்; அதற்குத்தான் அவ்வளவு தண்ணீர். இரண்டு வழியில் வெளியேறினால் இரண்டு வேகங்களும் கூடும். லாம்டா வடிவத்தின் அருமை இங்கே தெரியும்: மொத்த லாம்டா = சிதைவின் லாம்டா + உடலின் லாம்டா. அரை ஆயுள்களைக் கூட்டக் கூடாது.

தைராய்டு சிகிச்சைக்குத் தரும் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். தைராய்டு சுரப்பி தானாக அயோடினை விடும் உயிரியல் அரை ஆயுளை, பெரியவர்களுக்குச் சுமார் 80 நாள் என்று கணக்குக்கு எடுப்பார்கள். 0.0866 + 0.0087 = 0.0953. அரை ஆயுள் 7.3 நாள். இரண்டில் வேகமானது எதுவோ அதைவிடக் குறைவாகத்தான் விடை வரும்; அதைவிடக் கூடுதலாக வந்தால் கூட்டக் கூடாததைக் கூட்டிவிட்டீர்கள்.

தாய், சேய், கறவை

கடைசியாக, எளிய சூத்திரம் கைவிடும் இடம். மருத்துவமனைக்கு டெக்னீசியம் எப்படி வருகிறது? ஆறு மணி நேரத்தில் பாதியாகும் பொருளைத் தொலைவிலிருந்து ஏற்றி வந்து கட்டுப்படியாகுமா? அனுப்புவது மாலிப்டினம்-99. அதன் அரை ஆயுள் 66 மணி நேரம். அது சிதைந்து சிதைந்து டெக்னீசியம்-99எம்மாக மாறும். மாலிப்டினத்தை அடைத்து ஈயக் கவசத்துக்குள் வைத்த கலனுக்கு ஜெனரேட்டர் என்று பெயர். அதில் உப்புக் கரைசலை ஓடவிட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வரும். இதற்குத் துறையில் பேச்சுவழக்கில் உள்ள பெயர் “பால் கறப்பது”, ஜெனரேட்டர் “மாடு”.

இங்கே டெக்னீசியம் தனியாக இல்லை. ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. ஒற்றை அடுக்குச் சார்பு பொருந்தாது. இதற்குச் சூத்திரம் உண்டு என்றாலும் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது எக்செலில் மணிக்கணக்காக ஓட்டிப் பார்ப்பதைத்தான். மூன்று பத்திகள் போதும். முதலாவதில் மணி: 0, 1, 2 என்று 48 வரை. இரண்டாவதில் மாலிப்டினம் கருக்கள்: 1000இல் தொடங்கி, ஒவ்வொரு மணியும் முந்தைய வரிசையில் 1.05 சதவீதம் குறைய வேண்டும். மூன்றாவதில் டெக்னீசியம்: சுழியத்தில் தொடங்கி, ஒவ்வொரு மணியும் முந்தைய இருப்பில் 10.9 சதவீதத்தைக் கழித்து, அந்த மணியில் மாலிப்டினம் இழந்ததில் 88 சதவீதத்தைக் கூட்ட வேண்டும். மீதி 12 சதவீதம் இந்தப் படியைத் தாண்டி நேராக, 99எம் சிதைந்தால் வரும் டெக்னீசியம்-99க்குப் போய்விடும். 1.05ஐயும் 10.9ஐயும் எப்படி எடுத்தேன் என்று இந்நேரம் உங்களுக்கே தெரியும்: 1 − இ^(−லாம்டா), லாம்டா மணிக்கு.

இழுத்து நிரப்பிவிட்டு மூன்றாவது பத்தியை வரைபடமாக்குங்கள். முதலில் விறுவிறுவென்று ஏறும், பிறகு களைத்து 23ஆவது மணியில் உச்சம் தொடும், அப்புறம் மாலிப்டினத்தின் பின்னாலேயே மெல்ல இறங்கும். தினமும் காலையில் ஒரு முறை கறப்பது என்ற வழக்கத்துக்கு இந்த 23தான் காரணம். இப்போது ஆறாவது மணிக்கான வரிசைக்குத் திரும்பிப் போய் அங்கிருக்கும் எண்ணை உச்சத்தோடு ஒப்பிடுங்கள். அறுபது சதவீதத்துக்கும் சற்று மேலாக அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும். காலையில் எட்டு மணிக்குக் கறந்த மாட்டை, அவசரமாக ஒரு நோயாளி வந்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு இன்னொரு முறை கறக்க முடிவது அதனால்தான்.